விளக்கக் கடிதம்

கச்சேரிக்கு எதிரே, போட்டோக்கொப்பிக் கடைக்கும்
சர்பத் கடைக்கும் நடுவில் என் மேசை.
ஒரு கணினி, ஒரு பிரின்டர், மூன்று மொழி.
காணி, ஓய்வூதியம், பிறப்புப் பதிவில் எழுத்துப் பிழை,
எல்லாவற்றுக்கும் ஒரு மாதிரிக் கடிதம் வைத்திருக்கிறேன்.
பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும்.

பத்தரை மணிக்கு வந்தாள்.
பிளாஸ்டிக் உறைக்குள் விளையாட்டுச் சங்கத்தின் கடிதம்.
பதினான்கு நாளுக்குள் விளக்கம் தரவேண்டும்.
இன்றைக்குப் பதின்மூன்று.

"சைகை ஏதும் காட்டினீரோ?"
"இல்லை."
"கறுப்புப் பட்டி? உடுப்பில எழுத்து?"
"ஒண்டுமில்லை அண்ணை. நிண்டனான்."

ஆசியப் போட்டி. கோலூன்றிப் பாய்தல்.
மூன்று மீற்றர் அறுபது.
துரையப்பா அரங்கில் காய்ச்சலோடு தாண்டிய உயரம்.
ஓடுபாதையின் தொடக்கத்தில்
கம்பை நிமிர்த்திப் பிடித்தபடி நின்றிருக்கிறாள்.
பலகையில் அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு.
பயிற்றுநர் கத்துகிறார், சிங்களத்தில்,
பிறகு தனக்குத் தெரிந்த தமிழில்.
பூச்சியம். சிவப்புக் கொடி.
இரண்டாம் முறையும் அப்படி.
மூன்றாம் முறை கத்த அவருக்குத் தொண்டை இல்லை.
முடிவுப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே
உயரம் இல்லை, ஒரு சிறு கோடு.

தொலைக்காட்சி அந்த நேரம்
மைதானத்தின் மறுபக்கம் ஈட்டி எறிவதைக் காட்டிக்கொண்டிருந்ததாம்.
யாரோ ஒரு நேபாளப் பையன் கைபேசியில் எடுத்ததுதான்
இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

"கால் பிடிச்சதெண்டு எழுதுவம்.
சான்றிதழ் எடுக்கலாம், எனக்கு ஆள் இருக்கு."
"கால் நல்லாத்தான் இருந்தது."
"பயந்திட்டன் எண்டு?"
அதற்குச் சிரித்தாள்.
"அப்ப என்னத்துக்கு நிண்டனீர்?"
கடிதத்துக்கு ஆகாத பதில் ஒன்று சொன்னாள்:
"ஓடினாக் கை தட்டுவினம்.
பாய்ஞ்சாக் கொடி ஏத்துவினம்.
நிண்டா, என்ன செய்யிறதெண்டு
ஒருத்தருக்கும் தெரியேல்லை."

பெயர்: நாகேஸ்வரன் கஜிந்தினி.
விலாசத்தில் பன்னாலை என்று அடிக்கத் தொடங்க
மீதியைக் கணினி தானே நிரப்பியது.
வீட்டு இலக்கம், ஒழுங்கை, தெல்லிப்பழை.
எப்போதோ அடித்திருக்கிறேன்.
தேடினேன். ஏழு கோப்பு.
முதலாவது இரண்டாயிரத்துப் பதினொன்று.
ஆணைக்குழுவுக்கு, அடுத்த ஆணைக்குழுவுக்கு,
செஞ்சிலுவைக்கு, பிறகு ஒரு புதிய அலுவலகத்துக்கு.
அனுப்புநர்: நாகேஸ்வரன் இராசமலர்.
விடயம்: எனது மகன்.
அதுவும் மாதிரிதான்.
பெயரையும் திகதியையும் மாற்றியிருக்கிறேன்.

திரையை அவள் பக்கம் திருப்பவில்லை.
"அம்மா?" என்று மட்டும் கேட்டேன்.
"பகலில கொட்டிலிலதான்.
மழை எண்டா வெள்ளனத் திரும்பிடுவா."

சர்பத் கடைக்காரன் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான்.
அவன் நிறுத்தும்வரை இருவரும் பேசவில்லை.

பிறகு அவளே வசனம் சொன்னாள்.
எனக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தை
நான் முழுமையாகப் பயன்படுத்தினேன்.
"இவ்வளவுதானோ?"
"ஓம்."
"பணிவன்புடன் எண்டு போடவோ?"
யோசித்தாள்.
"இப்படிக்கு எண்டாக் காணும்."

சிங்களத்தில் அந்த வரி கொஞ்சம் நீளமாக வந்தது,
ஆங்கிலத்தில் கட்டையாக.
இரண்டையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்,
ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

பக்கத்துக்கு எண்பது ரூபா.
வேண்டாம் என்றேன். மேசையில் வைத்துவிட்டு,
"அண்ணை, இன்னொரு கடிதம்.
என்ர கம்பு கட்டுநாயக்காவில கிடக்கு.
நாலு மீற்றர். பஸ்ஸில ஏத்தமாட்டினமாம்.
களஞ்சியக் கூலி நாளுக்கு நாள் ஏறுது.
விடச் சொல்லி எழுதவேணும்."

"ஆருக்கு எண்டு போட?"

அவளுக்கும் தெரியவில்லை.
புதுத் தாள் ஒன்றை ஏற்றினேன்.